பால்கனி கேபின் என்று விற்றார்கள், கிடைத்தது படகின் வயிறு

கப்பலில் ஏறி, நீளமான நடைபாதையில் அறை எண்களைப் பார்த்துக்கொண்டே போய், கதவைத் திறந்ததும் நான் செய்த முதல் வேலை திரையை விலக்கியதுதான். ஜன்னல் முழுக்க ஆரஞ்சு நிறம். உயிர்காப்புப் படகு. கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல அவ்வளவு பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தொடவும் முடியாது, அந்த ஜன்னல் திறக்காது. படகின் முனையில் 150 என்று பெரிதாக எழுதியிருந்தது, அதில் ஏறக்கூடியவர்களின் எண்ணிக்கை. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் கட்டிலின் ஓரத்தில் மண்டியிட்டு, கழுத்தைத் திருப்பி, படகுக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் நடுவே இருந்த நான்கு விரல் இடைவெளியில் பார்க்க வேண்டும்.

நாங்கள் பணம் கட்டியது பால்கனி அறைக்கு.

“ஏங்க, ரூம் மாறி வந்துட்டமா?” என்று என் கணவரிடம் கேட்டேன். அவர் கையிலிருந்த அட்டையையும் கதவு எண்ணையும் இரண்டு தடவை பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டு, ஏழு இரவு எந்த வேலையும் இல்லாமல் சும்மா கடலைப் பார்த்துக்கொண்டு இருப்போம் என்று கிளம்பிய பயணம் இது. ஊர் சுற்றுவதுகூட எங்களுக்கு இரண்டாம்பட்சம்தான்.

என்ன நடந்தது என்று அப்புறம்தான் துண்டு துண்டாகப் புரிந்தது. நாங்கள் கப்பல் நிறுவனத்திடம் நேரடியாக வாங்கவில்லை. ஒரு டிராவல் ஏஜென்ட் மூலம் வாங்கினோம். பேர் சொல்லப் போவதில்லை, இந்த வேலையைச் செய்கிறவர் அவர் ஒருவர் மட்டுமில்லை. “பால்கனி கேபின் மேடம், எல்லாம் அடக்கம். டிப்ஸ், இன்சூரன்ஸ் உட்பட. உள்ளே போய் நீங்கள் பர்ஸையே திறக்க வேண்டாம்” என்றார். அழகான ஒரு பிடிஎஃப் அனுப்பினார். அவருடைய லோகோ, கப்பலின் படம், பால்கனியில் இரண்டு நாற்காலி. அறை எண் எங்கே என்று கேட்டேன். “அது கேரண்டி கேபின் மேடம், நம்பர் கடைசியில்தான் வரும்” என்றார். கேரண்டி என்றதும் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. உத்தரவாதம் என்றுதானே அர்த்தம்?

கப்பல் வியாபாரத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். பொதுவாகக் கப்பல் அறைகள் நான்கு வகை: ஜன்னலே இல்லாத உள்ளறை, ஜன்னல் அறை, பால்கனி அறை, பெரிய சொகுசு அறையான சூட். கேரண்டி என்றால், நீங்கள் வாங்கிய வகையிலோ அதற்கு மேலோ ஏதோ ஓர் அறை நிச்சயம், எந்த அறை என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள், அவ்வளவுதான். மற்றவர்கள் தேர்ந்தெடுத்துக்கொண்டது போக மீதியிருப்பது உங்களுக்கு. விலை குறைவு, அதனால் தெரிந்தே வாங்கினால் அதில் தப்பே இல்லை. எங்கள் ஏஜென்ட் வாங்கியிருந்தது, பார்வை மறைக்கப்பட்ட ஜன்னல் அறை கேரண்டி. எங்களிடம் வசூலித்தது பால்கனி விலை. நடுவிலிருந்த வித்தியாசம் அவர் பாக்கெட்டில்.

இதைக் கப்பலின் கஸ்டமர் சர்வீஸ் கவுண்டரில் இருந்த பெண்தான் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். எங்கள் பெயர், பக்கத்தில் வகைக் குறியீடு, அதற்கு நேரே ஜிடிஒய் என்ற மூன்று எழுத்து, கேரண்டியின் சுருக்கம். “உங்கள் ஏஜென்ட் எங்களுக்குக் கட்டியது இந்த வகைக்குத்தான்” என்றார். கூடுதல் பணம் கட்டி மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன், அவமானத்தை விழுங்கிக்கொண்டு. கப்பல் முழுக்க நிறைந்துவிட்டது. அவரிடம் கோபப்படக்கூட வழியில்லை. ஏஜென்ட் மூலம் வாங்கிய டிக்கெட்டில் விலைத் தகராறு என்றால் “ஏஜென்டிடம் பேசுங்கள்” என்று சொல்லிவிடுகிறார்கள். ஏஜென்ட் போனை எடுக்கவில்லை.

அந்தக் கோபத்தில் என் கணவர், ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும் என்று பயணிகளுக்குச் சொல்லித்தரும் பாதுகாப்புப் பயிற்சிக்கு வரமாட்டேன் என்று படுத்துவிட்டார். இழுத்துக்கொண்டு போனேன். எங்கள் பிரச்சினைக்குச் சம்பந்தமில்லாத விஷயம்தான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 2012 ஜனவரியில் கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் இத்தாலியின் ஜிலியோ தீவுக்கருகே பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்களே, அன்று சாயங்காலம் கப்பலில் ஏறியிருந்தவர்களுக்கு இந்தப் பயிற்சி இன்னும் நடக்கவே இல்லை. அதற்குப் பிறகுதான், கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ இதை நடத்தியாக வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். அறை எவ்வளவு மட்டமாக இருந்தாலும் பயிற்சிக்குப் போய்விடுங்கள்.

சரி, “எல்லாம் அடக்கம்” கதைக்கு வருகிறேன். அறைக் கதவைத் திறக்கும் அட்டைதான் கப்பலுக்குள் பணமும். காசு கைமாறுவதே தெரியாது. முக்கிய உணவறை, பஃபே, தண்ணீர், சாதாரண டீ காபி, நாடக அரங்கு நிகழ்ச்சிகள், இவை டிக்கெட்டில் அடக்கம். குளிர்பானம், மது, இணையம், தனி ரெஸ்டாரென்ட், மசாஜ், போட்டோ, கரையில் சுற்றுலா, இவற்றுக்கெல்லாம் தனிக் காசு. பானப் பேக்கேஜ் என்று ஒன்று உண்டு, மொத்தமாக ஒரு தொகை கட்டிவிட்டால் ஒவ்வொரு பானத்துக்கும் தனியாகக் கட்ட வேண்டாம். ஒருவர் வாங்கினால் அதே அறையில் இருக்கும் மற்ற பெரியவரும் வாங்கியாக வேண்டும் என்பது பல கப்பல்களில் விதி. அதன் மேல் சர்வீஸ் சார்ஜ் வேறு. என் கணவர் குடிப்பது எலுமிச்சைச் சோடா, நான் அதுவும் இல்லை. வாங்காமல் தப்பித்தோம்.

டிப்ஸில் தப்பிக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒருவருக்கு இவ்வளவு என்று தானாகவே கணக்கில் ஏறுகிறது. இரண்டு பேர், ஏழு நாள், பதினான்கு தடவை. ஏஜென்ட் முன்கூட்டியே கட்டிவிட்டதாகச் சொன்ன அதே டிப்ஸ். கவுண்டரில் கேட்டால் எடுத்துவிடுவார்கள் என்று பக்கத்து மேஜைக்காரர் சொன்னார். எடுக்கச் சொல்ல மனசு வரவில்லை. தினமும் இரண்டு வேளை அறையைச் சுத்தம் செய்து, துண்டை யானை மாதிரி மடித்து வைத்துவிட்டுப் போகும் மனிதர் எங்களை ஏமாற்றவில்லையே.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குப் பெரிய மோட்டார் சத்தம். தூக்கி வாரிப்போட்டு எழுந்தோம். அன்றைய துறைமுகத்தில் கப்பல் கரையோடு அணையாது, நங்கூரமிட்டு நிற்கும், ஆட்களைச் சிறு படகுகளில்தான் கரைக்குக் கொண்டுபோவார்கள். அந்தப் படகுகள் வேறெதுவுமில்லை, இந்த உயிர்காப்புப் படகுகளில் சிலதான். எங்கள் ஜன்னலை அடைத்துக்கொண்டிருந்தது மெல்ல மெல்ல இறங்க இறங்க, மேலிருந்து வெளிச்சம் வந்து, கடைசியில் கடல் முழுதாகத் தெரிந்தது. இரண்டு பேரும் பல்கூடத் துலக்காமல் அப்படியே உட்கார்ந்து பார்த்தோம். கரைக்கே போகவில்லை. சாயங்காலம் படகைத் திரும்ப மேலே ஏற்றினார்கள். ஏற்றும்போது அதற்குள் நின்றிருந்த ஊழியர் ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துக் கை அசைத்தார்.

நான்காம் நாள் துறைமுகம் ரத்து. காற்று பலமாக இருக்கிறது என்று கேப்டன் அறிவித்தார். அதில் குறை சொல்ல மாட்டேன், அந்த உரிமை கப்பலுக்கு உண்டு என்று டிக்கெட் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. துறைமுக வரி மட்டும் கணக்கில் திரும்ப வரும், அது சொற்பம். எங்களுக்கு அடி விழுந்தது வேறிடத்தில். அந்த ஊரைச் சுற்றிப் பார்க்க “கப்பலில் வாங்கினால் இரண்டு மடங்கு மேடம்” என்று சொல்லி ஏஜென்ட் தனியாக ஒரு டூர் போட்டுக் கொடுத்திருந்தார். கப்பலிடமே வாங்கியிருந்தால் துறைமுகம் ரத்தானதும் பணம் தானாகத் திரும்பியிருக்கும். வெளியில் வாங்கியது போனது போனதுதான்.

அன்று ராத்திரியே என் கணவருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. கப்பல்களில் பரவும் நோரோவைரஸாக இருக்கலாம் என்று கப்பல் டாக்டர் சொன்னார். அறையை விட்டு வெளியே வரக் கூடாது, அறிகுறி நின்ற பிறகும் கொஞ்ச காலம் உள்ளேயேதான் இருக்க வேண்டும் என்றார். வாசலுக்கு வாசல் வைத்திருக்கும் கைக் கிருமிநாசினி இந்தக் கிருமிக்கு அவ்வளவாகப் பலிக்காது, சோப்பும் தண்ணீரும்தான் சரி என்றார். இதை முதல் நாளே தெரிந்து வைத்திருக்கலாம்.

ஆக, ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் நாங்கள் இருவரும் அந்த அறையில், அந்தப் படகோடு. அதில் எத்தனை ஆணி இருக்கிறது என்று கேட்டால் இப்போதும் சொல்வேன். எங்கள் அறைக்கு நேர் கீழே நடன அரங்கு. ராத்திரி ஒரு மணி வரை கட்டில் கால் வழியாகத் தாளம் ஏறி வரும். அவர் சுருண்டு படுத்திருந்தார், நான் தரையில் உட்கார்ந்து இன்சூரன்ஸ் காகிதத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். டாக்டர் பார்த்தது, ஊசி, சலைன் எல்லாம் அறைக் கணக்கில் ஏறியிருந்தது. அதைப் பிற்பாடு இன்சூரன்ஸில் வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பு. பிடிஎஃபில் “பயணக் காப்பீடு: உண்டு” என்று ஒரு வரி. பாலிசி எண் இல்லை. எந்த நிறுவனம் என்றும் இல்லை. அந்த ஒரு வரிதான் இன்சூரன்ஸ்.

படகின் வயிற்றைப் பார்த்துக்கொண்டே ஒன்று யோசித்தேன், அதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. வந்தது மாரடைப்பாக இருந்து, ஹெலிகாப்டர் வைத்துக் கரைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தால்? அந்தச் செலவுக்கு முன்னால் பால்கனி விலை எல்லாம் சில்லறை.

கடைசி நாள் விடிகாலை கதவுக்கடியில் பில் தள்ளப்பட்டிருந்தது. நான்கு பக்கம். டிப்ஸ், டாக்டர், மருந்து, எலுமிச்சைச் சோடாக்கள், சோடாக்களுக்குச் சர்வீஸ் சார்ஜ். டிக்கெட் விலையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. வீட்டுக்கு வந்த பிறகு போன் பில் தனியாக வந்தது. என் கணவர் போனை ஃப்ளைட் மோடில் போடாமல் விட்டிருக்கிறார், நடுக்கடலில் அது கப்பலின் செயற்கைக்கோள் வழி மொபைல் இணைப்பைப் பிடித்துக்கொண்டு யாரும் கேட்காமலே ஏதேதோ இறக்கியிருக்கிறது. இது எங்கள் தப்பு, ஏஜென்ட் தலையில் போட மாட்டேன்.

திரும்பி வந்ததும் ஏஜென்ட் சொன்னது: “சிஸ்டம் மிஸ்டேக் மேடம்.” ஒரு மாதம் இழுத்தடித்தார். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கலாம். ஆனால் நேரடியாகக் கணக்கில் போட்டால் தள்ளுபடி என்று அவர் சொன்னதை நம்பி முழுப் பணத்தையும் அனுப்பியவர்கள் நாங்கள். தெரிந்த வக்கீல் ஒருவர் டிக்கெட் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, கப்பல் நிறுவனத்தின் மேல் போவதில் பயனில்லை என்றார். எங்கே வழக்குப் போட வேண்டும் என்பதைக்கூட அந்தப் பொடி எழுத்தே முடிவு செய்துவிடும் என்று சொல்லி ஒரு பழைய வழக்கைச் சொன்னார். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத் தம்பதி, மெக்சிகோ கடற்கரைக்கு அப்பால் கப்பலில் மனைவி வழுக்கி விழுந்து அடிபட்டார். டிக்கெட்டில் ஃபுளோரிடா நீதிமன்றம் என்று அச்சிட்டிருந்தது. நாட்டின் இன்னொரு மூலைக்கு எப்படிப் போவது என்று உச்ச நீதிமன்றம் வரை போராடினார்கள். 1991-ல், அச்சிட்டது செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அதனால் எங்கள் வழக்கு கப்பலோடு இல்லை, ஏஜென்டோடுதான்.

இப்போது யோசித்தால், இந்த மொத்தக் கூத்தையும் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கலாம். முன்பணம் கட்டியவுடன் கப்பல் நிறுவனத்தின் புக்கிங் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும், ஏஜென்டின் எண்ணை இல்லை. அதை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் நீங்களே போட்டுப் பார்த்தால் அறை வகை, டிப்ஸ் கட்டியாயிற்றா, எவ்வளவு பாக்கி என்பது தெரிந்துவிடும். எங்களுக்கு அந்த எண் வந்தது பயணத்துக்கு ஒரு வாரம் முன்புதான். தாமதத்துக்குக் காரணம் இருந்தது. பொதுவாகக் கிளம்புவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே முழுப் பணமும் கட்டிவிட வேண்டும், அதற்குப் பிறகு ரத்து செய்தால் பிடித்தம் ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் ஒன்றுமே திரும்பாது. அந்தக் கெடு தாண்டும்வரை “வந்துவிடும் மேடம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். எண்ணைத் தர மறுக்கும் ஏஜென்டிடம் முன்பணத்தோடு நின்றுவிடுங்கள், அது போனாலும் பரவாயில்லை. அறை எண் தெரிந்தால் கப்பலின் டெக் வரைபடத்தை (ஒவ்வொரு தளமும் ஒரு டெக்) எடுத்து வெளியே என்ன தொங்குகிறது, மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் டெக்கில் படகுகள் வரிசையாகத் தெளிவாகவே வரைந்திருந்தன. இன்சூரன்ஸை மட்டும் எந்த ஏஜென்டிடமும் விடாதீர்கள். நீங்களே வாங்கி, பாலிசிக் காகிதத்தைப் பையில் வையுங்கள்.

எழுத்தில் புகார் கொடுத்த பிறகு டிப்ஸுக்கென்றும் காப்பீட்டுக்கென்றும் அவர் வாங்கிய பணம் மட்டும் திரும்ப வந்தது. பால்கனி வித்தியாசத்துக்கு நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறோம், இன்னும் நிலுவையில் இருக்கிறது. கவுண்டர் பெண் திருப்பிக் காட்டிய திரையை அன்றே போனில் படம் எடுத்து வைத்திருந்தேன், எங்களிடம் இருக்கும் ஒரே உருப்படியான ஆதாரம் அதுதான். போன வாரம் ஏஜென்டிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது, சமரசம் பேசத்தான் போலிருக்கிறது என்று திறந்தேன். அடுத்த சீசனுக்குப் பால்கனி கேபின், எல்லாம் அடக்கம், முதலில் வருகிறவர்களுக்குத் தள்ளுபடி.