பூவைப் பதிவு செய்ய எது மேல்: கோட்டோவியமா, ஒளிப்படமா, எழுத்தா?

ஒரு பூச்செடியை, அதைப் பார்த்தே இராத ஒருவருக்கு ஐயமில்லாமல் அடையாளம் காட்ட வேண்டும். அதற்குத் தாவரவியலில் நான்கு வழிகள் உண்டு: அழுத்தி உலர்த்திய மாதிரி, ஓவியம், ஒளிப்படம், எழுத்து விவரிப்பு. கைப்பேசியே மகரந்தத் துகளை நெருங்கிப் படமெடுக்கும் காலத்தில் ஓவியம் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். நான் ஓவியத்தின் கட்சி. ஏன் என்று ஒரு பூவை வைத்தே பார்ப்போம்.

செங்காந்தளுக்கு ஆறு பூவிதழ்கள். ஓரம் நெளிந்து, பின்னோக்கி மடங்கி, மேல்நோக்கி நிற்கும். ஆறு மகரந்தத்தாள்களும் சுற்றிலும் விரிந்திருக்கும். சூலகத்தண்டு சூற்பையிலிருந்து கிளம்பும் இடத்திலேயே ஏறக்குறைய செங்கோணமாக மடங்கி, பக்கவாட்டில் நீளும். இலை நுனியோ பற்றுக்கம்பியாகச் சுருண்டிருக்கும்.

இதை ஒரே ஒளிப்படத்தில் பிடிக்க முயன்று பாருங்கள். பூ முழுதும் தெரிகிற கோணத்தில் சூலகத்தண்டின் மடிப்பு மறைந்துவிடும். மடிப்புக்காகக் கீழே இறங்கினால் இலை நுனி சட்டத்துக்கு வெளியே போய்விடும். நெருங்கி எடுத்தால் முன்னால் இருக்கும் மகரந்தப்பை மட்டும் துல்லியமாக விழும், பின்னால் உள்ள சூற்பை மங்கிவிடும். குவியத்தை மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுத்து ஒன்றாக இணைக்கலாம். அப்போது எல்லாம் தெளிவாகும், ஆனால் எல்லாம் ஒரே அளவு முக்கியமாகவும் தெரியும். இலையில் பூச்சி அரித்த ஓட்டைக்கும் பற்றுக்கம்பிக்கும் கேமராவுக்கு வேறுபாடு கிடையாது.

நல்ல ஓவியர் ஒரே தாளில் இதை முடித்துவிடுவார். பற்றுக்கம்பியோடு ஒரு கிளை, பக்கவாட்டில் ஒரு பூ, தனியே பிரித்த ஒரு பூவிதழ், ஒரு மகரந்தத்தாள், குறுக்கே வெட்டி மூன்று அறைகளையும் காட்டிய சூற்பை, ஒவ்வொன்றுக்கும் அருகே ஓர் அளவுகோல். நிழலைப் பூசாமல் மைப்புள்ளிகளை நெருக்கியும் விலக்கியும் வைத்தே வளைவைக் காட்டுவார். புள்ளிகளுக்கு இடையே வெள்ளை இருப்பதால் அச்சில் சிறிதாக்கினாலும் விவரம் அடைந்துபோகாது.

ஓவியத்தின் உண்மையான பலம் வெட்டிக் காட்டுவதில்தான் இருக்கிறது. செம்பருத்தியைப் படமெடுத்தால் நடுவே ஒரு தூண், அதன்மேல் மகரந்தப்பைகள், நுனியில் ஐந்து சூலகமுடிகள் தெரியும். அது தூண் அல்ல, குழல். மகரந்தத்தாள்களின் காம்புகள் ஒட்டி உருவான அந்தக் குழலின் உள்ளே சூலகத்தண்டு நுழைந்து மேலே வருகிறது. நெடுக்காகப் பிளந்த பூவின் ஓவியம் ஒன்று போதும், முழு அமைப்பும் புரிந்துவிடும். பிளந்த பூவைப் படமும் எடுக்கலாம்தான். ஆனால் நசுங்கிய திசுவும் பிசுபிசுப்பும் சேர்ந்து வரும், எது எதனுள் போகிறது என்பது தெளிவாக வராது.

சரி, ஓவியத்துக்கு ஆபத்தே இல்லையா? உண்டு. 1542ல் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் வெளியிட்ட மூலிகை நூலின் மரச்செதுக்குப் படங்களில், பூவும் காயும் ஒன்றாக நிற்கும் செடிகள் உண்டு. ஒரு செடியின் முழு வாழ்வையும் ஒரே பக்கத்தில் காட்டும் ஆசை அது. எனக்கு அந்த ஆசை பிடிக்கும். ஆனாலும் பல மாதிரிகளைச் சேர்த்து வரைந்தால், எந்தப் பகுதி எந்த மாதிரியிலிருந்து வந்தது என்று எண்ணோடு குறிப்பது அவசியம். இல்லாவிட்டால் எங்குமே இல்லாத ஒரு செடி தாளில் முளைத்துவிடும். ஒளிப்படம் இந்த வகையில் நேர்மையானது: இந்தச் செடி, இந்த நாளில், இந்த இடத்தில் இப்படி இருந்தது.

நிறத்தில் யார் முந்துகிறார்கள் என்பது எளிதில் சொல்லக்கூடியது இல்லை. இன்றைய கேமராவை ஓரளவு நம்பலாம். பழைய வண்ணப் படச்சுருளில் சில நீலப் பூக்கள் இளஞ்சிவப்பாக விழுந்தன, ஏனென்றால் அந்தப் பூக்கள் நம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத அடர்சிவப்பு ஒளியையும் திருப்பி அனுப்புகின்றன, சுருள் அதைப் பதிந்துகொண்டது. தாவர ஓவியர் ஃபெர்டினாண்ட் பாயர் வேறு வழி வைத்திருந்தார். 1801ல் இன்வெஸ்டிகேட்டர் கப்பலில் ஆஸ்திரேலியாவுக்குப் போனவர், பூ வாடுமுன் பென்சிலில் வரைந்து, ஒவ்வொரு பகுதியிலும் நிறத்துக்கான எண்ணை எழுதிக்கொண்டார். ஏறத்தாழ ஆயிரம் நிறச்சாயல்களுக்கு அவரிடம் எண் இருந்தது. ஊர் திரும்பிய பிறகு அந்த எண்களைப் பார்த்தே வண்ணம் தீட்டினார். அந்தப் படங்களை இன்று பார்த்தாலும் வியப்பு அடங்குவதில்லை.

உலர்மாதிரியைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். நிறம் போகும், காந்தளின் மடிந்த இதழ் தட்டையாகும், ஆனாலும் அதுவே செடி. மற்ற எதையும் சரிபார்க்க அதனிடம்தான் திரும்ப வேண்டும். 2007 முதல் புதிய பூக்கும் தாவர இனத்துக்கு வகைமாதிரியாக, அதாவது அந்தப் பெயருக்கு நிலையான சான்றாக, படம் செல்லாது, பதப்படுத்திய செடிமாதிரியே வேண்டும் என்பது பெயரிடும் விதி.

எழுத்தைக் குறைவாக எடைபோடுகிறவர்கள்தான் அதிகம். சட்டப்படி பார்த்தால் கிரீடம் எழுத்துக்குத்தான். புதிய இனத்துக்கு விவரிப்பு இல்லாமல் பெயர் செல்லாது. 1935 முதல் 2011 வரை அது லத்தீனில் இருக்க வேண்டும், 2012 முதல் ஆங்கிலமும் போதும். படம் சேர்ப்பது விருப்பம். பகுதிகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் பகுப்புப் படம் மட்டுமே விவரிப்புக்கு ஈடாக ஏற்கப்பட்டது 1908க்கு முன் வெளியானவற்றுக்குத்தான்.

விதி இப்படி இருப்பது நியாயம். 'இலை 5 முதல் 15 செ.மீ. வரை', 'சிலவேளை மயிரடர்ந்தது', 'இலையடிச் செதில் இல்லை' என்று எழுத்தால் மட்டுமே சொல்ல முடியும். ஓவியம் ஓர் இலையைத்தான் வரையும், வீச்சை வரையாது. இல்லாததையும் வரைய முடியாது. செதில் வரையப்படவில்லை என்றால், அது செடியிலேயே இல்லையா, ஓவியர் விட்டுவிட்டாரா? பார்ப்பவருக்குத் தெரியாது. அதே சமயம் 'சூலகத்தண்டு அடியில் மடங்கியது' என்ற வரியைப் படித்துவிட்டுக் காந்தளின் மடிப்பை மனத்தில் சரியாகக் கட்டுகிறவர்கள் மிகக் குறைவு.

இரண்டுதான் கிடைக்கும் என்றால் நான் எழுத்தையும், பகுப்போடு கூடிய கோட்டோவியத்தையும் எடுப்பேன். மூன்றாவதற்கு இடமிருந்தால் ஒளிப்படம், அதுவும் செடி நிற்கும் மண்ணும் அக்கம்பக்கச் செடிகளும் தெரிகிற மாதிரி, கொஞ்சம் தள்ளி நின்று எடுத்தது. பூவை மட்டும் நெருக்கமாக எடுத்து அனுப்பி 'இது என்ன செடி?' என்று கேட்டால் பல நேரம் பதில் சொல்ல முடியாது. இலையையும் தண்டில் அது அமைந்த விதத்தையும் சேர்த்து எடுத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.