வேடந்தாங்கலா, பள்ளிக்கரணையா?

சென்னையிலிருந்து ஒரு காலை நேரம் பறவை பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு என் முதல் கேள்வி: கூடு பார்க்க ஆசையா, வகை வகையாய்ப் பறவை பார்க்க ஆசையா?

கூடு என்றால் வேடந்தாங்கல்தான். ஏரிக்கரையில் நடந்தால் எதிரே தண்ணீரில் நிற்கும் கடப்ப மரங்களெல்லாம் கூடுகள். போன ஜனவரியில் ஒரு நத்தைகுத்தி நாரை பச்சை இலையோடு ஒரு குச்சியைக் கொண்டுவந்து, மூன்று முறை இடம் மாற்றிச் செருகியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று ஊர்க்காரர்கள் தலைமுறைகளாகக் காத்த இடம் இது. மழை பொய்த்தால் மட்டும் ஏமாற்றம்தான்.

பள்ளிக்கரணை சதுப்புநிலம் நகருக்குள்ளேயே இருப்பதால் பஸ்ஸிலேயே போய்விடலாம். பூநாரை, நீலத் தாழைக்கோழி, நெடுங்கால் உள்ளான் என்று ஆண்டு முழுக்க ஏதாவது கண்ணில் படும். ஆனால் வாகன இரைச்சல், பக்கத்திலேயே குப்பைமேடு. பார்க்க மனசு வலிக்கிறது. இரண்டுமே 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை.

குழந்தைகளோடு முதல் தடவை என்றால் வேடந்தாங்கல் போங்கள், டிசம்பருக்குப் பிறகு. வாராவாரம் போக நினைத்தால் பள்ளிக்கரணை. எங்கே போனாலும் பைனாகுலரை மறக்காதீர்கள்.