குட்டிக் கொம்பிரசரும் மட்டக்களப்பு மாரியும்

மாதிரிக் கார்களுக்குப் பெயின்ட் அடிக்க நான் வைத்திருக்கும் காற்றுக் கொம்பிரசர் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. பிஸ்டனில் இருக்கும் டெஃப்லான் கப் தேய்ந்து, மோட்டர் சுற்றியும் காற்று ஏறாமல் கிடந்ததை, பிரிட்ஜ் திருத்தும் காத்தான்குடி நானா ஒருவர் கழற்றிப் புதிது போட்டுத் தந்தார். வேலையைத் தொடங்குமுன் தாங்கியின் அடித்திருகைத் திறந்து பார்த்தார். பிளேன்டீ நிறத்தில் தண்ணீர் வடிந்து அவருடைய மேசை முழுக்க ஓடியது. "தம்பி, இது காத்தடிக்கிற மெசினா, தண்ணி இறைக்கிற மெசினா?" என்றார். இந்தச் சாமானைப் பற்றி இதைவிடச் சுருக்கமான விமர்சனம் எனக்கு எழுத வராது.

மாதிரிக் கார் கட்டுகிறவர்களுக்கு இது பழகிய வகைதான். எண்ணெய் ஊற்றத் தேவையில்லாத ஒற்றைப் பிஸ்டன், 3 லீட்டர் தாங்கி, அமுக்கம் 4 பாரில் தானாக நின்று 3 பாரில் தானாகத் தொடங்கும். மேலே எந்தப் பெயரை ஒட்டி விற்றாலும் உள்ளே ஒரே சரக்கு. அதில் 0.3 மில்லிமீட்டர் ஊசி போட்ட, காற்றால் பெயின்ட் தூவும் ஏர்பிரஷைப் பூட்டி, உண்மைக் காரில் 24இல் ஒரு பங்கான 1/24 அளவுக் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறேன். மற்ற விபரமெல்லாம் பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது.

ஸ்ப்ரே டின் இருக்க இது எதற்கு என்று கேட்கலாம். மாதிரிக் கிட் செய்யும் டமியா கம்பனியின் டின்கள் அருமையானவைதான். ஆனால் எரியக்கூடிய வாயுவை அடைத்த டின்னை விமானத் தபாலில் ஏற்ற மாட்டார்கள். கப்பலில் வந்து, கொழும்பில் கைமாறி, பஸ்ஸில் மட்டக்களப்புக்கு வந்து சேரும்போது டின்னின் விலை கிட்டின் விலையை எட்டிப் பார்க்கும். ஹாட்வெயார் கடை டின் மலிவு. அது கேற்றுக்கு அடிக்கிற பெயின்ட். 1/24 உடலில் 0.1 மில்லிமீட்டர் தடிப்பில் அது படிந்தால், உண்மைக் காரில் 2.4 மில்லிமீட்டர் அப்பியதற்குச் சமம். கதவு இடுக்கு மூடிப்போகும், பொனட்டின் விளிம்பு மழுங்கும், பார்க்கிறவருக்கு ஏன் என்று தெரியாமலே அது விளையாட்டுச் சாமானாகத் தெரியும். ஏர்பிரஷில் அடித்த பூச்சு மெல்லிசாக இறங்கும். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் இந்த மெசினோடு மாரடிக்கிறேன்.

சரி, தண்ணீர்க் கதைக்கு வருகிறேன்.

மட்டக்களப்பில் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசிக் கடைசியில் தொடங்கி தை வரைக்கும் கொட்டித் தீர்க்கும். அந்த நாட்களில் காற்றின் ஈரத்தைச் சொல்லும் சாரீரப்பதன் 80 வீதத்துக்குக் கீழே இறங்குவதே அருமை. 30 பாகையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 80 வீதம் என்றால் உள்ளே 24 கிராம் இருக்கிறது. அந்தக் காற்றை வெளி அமுக்கத்துக்கு மேல் 3 பாருக்கு அமுக்கும்போது அது நான்கில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. சுருங்கி ஆறிய காற்றில் ஏழரை கிராம்தான் நிற்கும். மீதி 16 கிராம் சொச்சம் ஒடுங்கித் தண்ணீராகிவிடும். மெசின் நிமிடத்துக்கு 20 லீட்டர் காற்று இழுக்கிறது என்று வைத்தால், 50 நிமிடம் ஓடினால் ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர். ஓ.எல். விஞ்ஞானப் புத்தகத்தில் படித்து மறந்த ஒடுக்கம் எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது இப்படித்தான்.

தண்ணீரைப் பிடித்து வைக்க வாட்டர் ட்ராப் என்று ஒரு கண்ணாடிக் குமிழ், அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் கீழே தொங்குகிறது. எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது அதைப் பார்க்கும்போதுதான். அதை வைத்திருக்கும் இடம் பிழை. சிலிண்டருக்குப் பக்கத்தில், சூடேறிய தாங்கிக்கு மேலே இருக்கிறது. மெசின் நிற்காமல் ஓடும்போது அங்கே வரும் காற்று இன்னும் சுடுகிறது, அதனால் நீராவி ஆவியாகவே குமிழைத் தாண்டிப் போகிறது. பிறகு ரப்பர் ஹோஸில் போய் ஆறித் துளியாகிறது. குமிழ் காய்ந்து கிடக்கும், ஹோஸுக்குள் தண்ணீர் இருக்கும். விற்ற கடையில் சொன்னபோது, "ட்ராப்பில் தண்ணி இல்லையே, அப்ப பிரச்சினை இல்லை" என்றார்கள். அந்தப் பதிலுக்கு என்ன சொல்வது?

அந்தத் துளி எங்கே போய் விழும் என்றும் சொல்ல வேண்டும். டமியாவின் 1966 மாடல் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் என் மேசையில் இருக்கிறது. மங்கல் வெள்ளை உடல். அதற்குக் கிரவல் தூசி ஏற்றிக்கொண்டிருந்தேன், படுவான்கரைப் பக்கம் வெயில் நாளில் ஓடிவிட்டு வந்த காருக்குச் சில்லு வளைவிலும் கதவுக்கு அடியிலும் படிந்திருக்கும் அந்தத் தூசி. டமியாவின் எக்ஸ்எஃப்-52 என்ற மண்நிறத்தில் கொஞ்சம் சிவப்புக் கலந்து, ஐசோபுரோபைல் அல்ககோலில் பால் பதத்துக்கும் கீழே இளக்கி, 0.8 பாரில், ஒரு சாண் தூரத்திலிருந்து பனிப்பது. சரியாக வந்தால் பெயின்ட் என்றே தெரியாது. கீழே அடர்த்தி, மேலே போகப்போகக் கரைந்து, கதவுக் கைபிடி உயரத்தில் இல்லாமல் போகும். கடைசிச் சில்லு வளைவில் ஏர்பிரஷ் தண்ணீரைத் துப்பிவிட்டது. நடுவில் துளி, சுற்றி வளையம், வளையத்தின் ஓரத்தில் மண்நிறம் முழுவதும் ஒதுங்கிப்போய்க் கிடந்தது. துடைத்தால் மற்றத் தூசியும் போகும். விட்டால் காருக்கு அம்மைத் தழும்பு.

இது மெசினின் குற்றம். மற்றது வானத்தின் குற்றம், அதையும் இதன் தலையில் கட்டக் கூடாது. லக்கர் அடித்த கறுப்பு உடல் மாரியில் சாம்பல் பூத்து வெளுக்கும். தின்னர் பறக்கும்போது மேற்பரப்பை ஆற்றிவிட்டுப் போகிறது. 27 பாகை, 85 வீதச் சாரீரப்பதன் உள்ள இரவில் பனிபடுநிலை, அதாவது ஈரம் ஒடுங்கத் தொடங்கும் வெப்பநிலை, 24க்குச் சற்று மேலேதான். உடல் மூன்று பாகை ஆறினாலே போதும், ஈரம் பூச்சில் இறங்கிவிடும். இதற்கு எந்தக் கொம்பிரசரும் பதில் சொல்லாது. ரிட்டார்டர் கலந்த தின்னர்தான் பதில். பூச்சு மெதுவாகக் காயட்டும், இறங்கிய ஈரமும் போக அவகாசம் கிடைக்கும். ஊரில் கார் பெயின்ட் கலக்கும் கடைகளில் ரிட்டார்டர் கேட்டால் கிடைக்கும். ஆனால் அங்கே தரும் என்.சி. (நைட்ரோசெலுலோஸ்) தின்னர் சற்று முரட்டுச் சாமான். பிரைமர் போடாத வெறும் பிளாஸ்டிக்கில் பட்டால் மேற்பரப்பைக் கடித்து வெடிப்பு விழுத்தும். பிரைமரையும் முதலில் தூவலாகத்தான் போட வேண்டும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் எல்லாம் தலைகீழ். காற்று காய்ந்து, சுட்டு, ஜன்னல் திறந்தால் புழுதி. தாங்கியில் தண்ணீர் பெயருக்குத்தான் இருக்கும். ஆனால் பெயின்ட் ஊசிமுனையில் இருந்து உடலுக்குப் போகும் வழியிலேயே காய்ந்து சொரசொரப்பாய் விழும். அதற்கும் மருந்து ரிட்டார்டர்தான். மாரிக்கும் கச்சானுக்கும் ஒரே போத்தல் என்பதில் ஒரு சின்னத் திருப்தி.

மெசினைப் பற்றி நல்லதும் இருக்கிறது, அதை மறைத்தால் பாவம். சத்தம் குறைவு. பிள்ளை பக்கத்து அறையில் நித்திரை கொள்ளும்போதும் ஓட்டுகிறேன். காற்று நடுங்காமல் வருகிறது, ரெகுலேட்டர் முள் வைத்த இடத்தில் நிற்கிறது. பின்னேரம் வோல்டேஜ் விழும் வேளையில் மட்டும் தாங்கியில் அமுக்கம் இருந்தால் மோட்டர் முனகிக்கொண்டு நிற்கும். காற்றைத் திறந்துவிட்டுத் தொடங்கினால் சரி. உதிரிப்பாகம் கிடைக்கிறது, எல்லாம் ஒரே சரக்கு என்பதால் எதிலிருந்தும் எதற்கும் பொருந்துகிறது. 2022இல் ரூபாய் விழுந்து டொலர் 360ஐத் தாண்டிய காலத்தில் புதிது வாங்க யோசிக்கவே முடியாமல் இருந்தபோதும் இது ஓடிக்கொண்டேதான் இருந்தது. 2020இல் நிறுத்திய கார் இறக்குமதியை அரசாங்கம் 2025 மாசியில்தான் தனியாருக்குத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் எங்கள் வீட்டுக்கு மட்டும் புதுக் கார் வந்துகொண்டே இருந்தது என்று மனுசி சொல்லிச் சிரிப்பாள்.

தண்ணீருக்கு நான் கண்ட வழி ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. தாங்கியை 4 பார் வரை நிரப்புவேன். பிளக்கை அணைத்துவிடுவேன், இல்லாவிட்டால் 3 பாரில் தானாக எழும்பிச் சுடுகாற்றைத் தள்ளும். தேத்தண்ணி குடித்து முடியும்வரை ஆற விடுவேன். அடித்திருகை ஒரு நொடி திறந்து தண்ணீரைத் துப்ப வைப்பேன். பிறகு தாங்கியில் உள்ள காற்றில் மட்டும் அடிப்பேன். ஒரு தாங்கிக் காற்று ஒரு நிமிடத்துக்குத்தான் காணும், பீட்டிலின் பொனட்டும் கூரையும் முடியும், பின்பக்கத்துக்கு மறுபடி நிரப்ப வேண்டும். ஏர்பிரஷின் அடியில், கைக்குப் பக்கத்தில் பூட்டும் சின்ன ட்ராப் ஒன்றும் வாங்கிப் போட்டிருக்கிறேன். காற்று ஆறி வந்து சேரும் இடம் அதுதான், அதனால் அது வேலை செய்கிறது. ஒரு விரல் நீளச் சாமான். இதைக் கொம்பிரசரோடு சேர்த்துக் கொடுத்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். கொடுக்கவில்லை. தனியாகத்தான் விற்கிறார்கள்.

இந்தச் சடங்கைச் செய்தால் துப்பல் நின்றுவிடுகிறது. பளபளப்புப் பூச்சு அருமையாக இறங்குகிறது. அந்தப் பீட்டிலின் தூசியைக் கழுவி மறுபடி ஏற்றினேன், இந்தத் தரம் நான்கு வளைவும் சரியாக வந்தது. உண்மைக் கிரவல் ரோட்டில் போன கார் என்று ஒருவர் தொட்டுப் பார்த்துவிட்டு விரலையும் பார்த்தார். இந்த விலையில் இதைவிட நல்ல கொம்பிரசர் எனக்குத் தெரியாது. என்னுடையதை யாரும் கேட்டாலும் விற்க மாட்டேன்.

ஆனாலும் ஏறாவூரிலிருந்து ஒரு தம்பி "அண்ணன், வாங்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். வேண்டாம். வெளியே மூன்று நாளாக விடாமல் பெய்கிறது, தாங்கியை இன்று காலையும் ஒருமுறை திறந்து வடித்துவிட்டுத்தான் வந்தேன், எனக்கு இந்த மெசினைப் பற்றி நல்லதாகச் சொல்லும் மனநிலை இல்லை. பங்குனியில் கேட்டால் வேறு மாதிரிச் சொல்லக்கூடும். இப்போதே காசைச் செலவழித்துத்தான் ஆக வேண்டுமென்றால் கரிமத் தோட்டா பூட்டும் நல்ல மாஸ்க் ஒன்றை முதலில் வாங்குங்கள், லக்கர் மணம் லேசுப்பட்டதல்ல. அடுத்தது அந்த விரல் நீள ட்ராப். கொம்பிரசர் கடைசியில்.