டான் ஏ4-எஸ்எஃப்எக்ஸ்: கைப்பையில் அடங்கும் டெஸ்க்டாப் கேஸ்

விமானத்தில் டெஸ்க்டாப்பைக் கையோடு கொண்டுபோக நினைப்பவர்களுக்கு இந்த 7.2 லிட்டர் கொள்ளளவுள்ள கேஸை (கணினிப் பாகங்களைப் பொருத்தும் வெளிக்கூடு) தயங்காமல் சொல்லலாம். அளவு சுமார் 32 × 20 × 11 செ.மீ. பல விமான நிறுவனங்கள் அனுமதிக்கும் 55 × 40 × 20 செ.மீ. பெட்டிக்குள் இது படுத்த நிலையில் அடங்கி, சுற்றிலும் துணி வைக்க இடமும் மிஞ்சும்.

இதன் பெரிய பலம் உள்ளமைப்பு. பாகங்களை இணைக்கும் முதன்மைப் பலகையான மதர்போர்டும், திரைக்குப் படம் தரும் கிராபிக்ஸ் கார்டும் முதுகோடு முதுகாக நிற்க, ரைசர் கேபிள் என்ற நீட்டிப்புக் கேபிள் இரண்டையும் இணைக்கிறது. நிமிர்ந்து நிற்கும் சாதாரண டவர் கேஸில் கனமான கார்டு பக்கவாட்டில் தொங்கும். பலமாகக் குலுங்கினால் அது செருகியிருக்கும் ஸ்லாட்டே பிய்ந்துவிடக்கூடும். இங்கே அந்தப் பயம் குறைவு. ஆனால் ரைசர் முனை தளர்வதுண்டு. ஊர் போய்ச் சேர்ந்ததும் திரையில் படம் வரவில்லையென்றால் முதலில் அதை அழுத்திப் பாருங்கள்.

குறைகளும் உண்டு. பிராசஸரைக் குளிர்விக்கும் சிபியு கூலர் 48 மி.மீ. உயரத்தைத் தாண்டக்கூடாது, கார்டு 295 மி.மீ. நீளத்துக்குள் இருக்க வேண்டும். கூலர் சிறியதாக இருப்பதால் அதிக வாட் இழுக்கும் பிராசஸர் இதற்கு ஆகாது. சூடேறி வேகம் குறையும்.

எடையைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். 7 கிலோ வரம்புள்ள விமானங்களில் பவர் கேபிள், கீபோர்டு எல்லாம் சேர்த்து நிறுத்துப் பாருங்கள். பாதுகாப்புச் சோதனையில் கேஸைத் தனித் தட்டில் வையுங்கள். பாகங்கள் ஆடாமலிருக்க உள்ளே ஃபோம் திணித்தால் திறந்து காட்டச் சொல்லக்கூடும். நீளமான ஸ்க்ரூடிரைவரைப் பறிமுதல் செய்வார்கள், அதைச் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள்.