மும்பை ஹாஃப் மாரத்தான்: ஜோடியா ஓட எப்படி இருக்கு? என் ரிவ்யூ

மார்க்க முதல்லயே சொல்லிடுறேன், அஞ்சுக்கு நாலரை. டாடா மும்பை மாரத்தான்ல 21 கிலோமீட்டர் ஹாஃப் இருக்கில்ல, அதுக்குத்தான் இந்த மார்க், அதுவும் புருஷன் பொண்டாட்டியா சேர்ந்து ஓடுறவங்களுக்கு மட்டும். டைமிங் அடிக்கணும், பெர்சனல் பெஸ்ட் வாங்கணும்னு வர்றவங்க இதப் படிச்சிட்டு அப்புறம் என்னைத் திட்டாதீங்க, பெத்தர் ரோடு ஏத்தமும் பாம்பே புழுக்கமும் அவங்களுக்கு வேற கணக்கு.

நாங்க செம்பூர். வீட்டுல நான் வேகம், இவரு நிதானம். ஆனா ஒண்ணா ஓடப்போறோம்னு சொன்னதும் பில்டிங்ல அத்தனை பேரும் கேட்டது "அய்யோ பாவம், சார் உனக்காக மெதுவா ஓடணுமே"ன்னு தான். சார் பக்கத்துல நின்னு சிரிச்சாரே தவிர ஒரு வார்த்தை மறுத்துப் பேசல.

சரி ஏன் ஒண்ணா ஓடணும்னு கேட்டா, சின்னப் புள்ள இருக்கிற வீட்டுல ரெண்டு பேரும் ஓடுறவங்களா இருந்தா ப்ராக்டிஸ் எப்படி நடக்கும்னு உங்களுக்கே தெரியும், ஒருத்தர் வெளிய போனா ஒருத்தர் வீட்டுல. சனிக்கிழமை லாங் ரன் எனக்கு, ஞாயித்துக்கிழமை அவருக்கு, நான் வேர்வையோட உள்ள வரும்போது இவரு தோசைக்கரண்டியோட நிப்பாரு, மறுநாள் அப்படியே மாத்தி. மாசக்கணக்கா ஒரே ப்ளான ஃபாலோ பண்ணியும் பக்கத்துல பக்கத்துல ஓடுனதே கிடையாது. ரேஸுக்குன்னு மாமியார் ஊர்ல இருந்து வந்து புள்ளைய பாத்துக்கிட்டாங்க, ஆக ரெண்டரை மூணு மணி நேரம், "அம்மா"ன்னு கூப்பிட ஆளில்ல, ஃபோன் பையில, நாங்க ரெண்டு பேர் மட்டும் ரோட்டுல. அந்த நேரத்துக்காகவே ரெஜிஸ்ட்ரேஷன் காசு கொடுக்கலாம்ங்கிறது என் கட்சி, மெடல்லாம் அப்புறம்.

தெரியாதவங்களுக்கு ரேஸ் பத்தி சுருக்கமா. 2004ல ஆரம்பிச்சது, ஜனவரி மூணாவது ஞாயிறு வாக்குல நடக்கும், அப்போ ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் பேர்ல இருந்துச்சு, 2018ல இருந்து டாடா பேரு. ஃபுல் மாரத்தான் சிஎஸ்எம்டில, அதான் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் ஸ்டேஷன்ல, கிளம்பி சுத்திட்டு அங்கயே வந்து முடியும். ஹாஃப் அப்படியில்ல, மாஹிம் ரேத்தி பந்தர்ல கிளம்பி கடலோரமாவே தெக்க வந்து சிஎஸ்எம்டி பக்கம் முடியும். போன ரோட்டுலயே திரும்பி வர்றது கம்மிங்கிறதால அலுப்பு தட்டாது, இது ஜோடியா ஓடுறவங்களுக்கு முக்கியம், ஏன்னா அலுப்பு தட்டுனா தான் சண்டை வரும்.

பிப், அதான் நெஞ்சுல குத்திக்கிற நம்பர் அட்டை, அத வாங்க பிகேசில (பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ்) நடக்குற எக்ஸ்போவுக்கு முன்னாடி நாள்லயே போகணும், ஞாயித்துக்கிழமை காலையில ஸ்டார்ட்ல எல்லாம் தரமாட்டாங்க. இதுல ஜோடிங்க கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. பழைய டைமிங் சர்ட்டிஃபிகேட்ட வச்சு ஆளுக்கு ஒரு எழுத்து போட்டு செக்ஷன் பிரிப்பாங்க, வேகமானவங்க முன்னாடி, மத்தவங்க பின்னாடி. ஒரே வீட்டுல இருந்து போனாலும் எனக்கு ஒரு எழுத்து, இவருக்கு வேற எழுத்து. முன் செக்ஷன்காரங்க பின்னாடி போய் நிக்கலாம், பின்னாடி இருக்கிறவங்க முன்னாடி வரமுடியாது. அதனால யாரு வேகமோ அவங்க தான் இறங்கி வரணும். எனக்கு மனசு வரல தான், அந்த முன் எழுத்துக்காக எத்தனை காலை எழுந்திருக்கேன், ஆனா சிப் டைம், ஸ்டார்ட்ல விரிச்சிருக்கிற சென்சார் மேட்ட (mat) நம்ம காலு தாண்டுற நிமிஷத்துல இருந்து தான் எண்ணும், பின்னாடி நின்னாலும் நஷ்டமில்லன்னு என்னை நானே தேத்திக்கிட்டு போய் நின்னேன்.

ஸ்டார்ட்டுக்கு போறது தான் பெரிய பாடு. விடியக்காலை அஞ்சு மணி வாக்குல ரேஸ், நாலு மணிக்கு மாஹிம்ல இருக்கணும். முந்தின நாளே புக் பண்ணி வச்ச கேப், ஆப் பேரெல்லாம் எதுக்கு, கடைசி நிமிஷத்துல கேன்சல். அப்புறம் எங்க பில்டிங்குக்கு கீழ டாக்ஸியிலயே படுத்துத் தூங்குற அண்ணன எழுப்பி, அந்த காளி பீலியில, அதான் கருப்பு மஞ்சள் டாக்ஸியில, போய் சேர்ந்தோம். ரயில்வேயும் மாரத்தான் அன்னிக்கு விடியறதுக்கு முன்னாடி ஸ்பெஷல் லோக்கல் விட்டிருக்கு, அந்த வருஷ அறிவிப்ப பாத்துட்டு அத நம்புறது பெட்டர்.

இப்போ சீ லிங்க். எனக்கு மொத்த ரேஸுமே இதுக்காகத் தான். பாந்த்ரா வொர்லி சீ லிங்க் 2009ல திறந்தாங்க, 5.6 கிலோமீட்டர், ஆனா அதுல டூ வீலர் போகக்கூடாது, ஆட்டோ போகக்கூடாது, நடக்கக்கூடாது. எங்ககிட்ட இருக்கிறது ஸ்கூட்டர். கல்யாணம் ஆனதுல இருந்து வொர்லி சீ ஃபேஸ்ல உக்காந்து சோளம் தின்னுக்கிட்டு தூரத்துல பாத்த பாலம் அது. அதுல நட்ட நடு லேன்ல, காரே இல்லாம, இருட்டுல, கேபிள் லைட்டு மட்டும் எரிய, ஆயிரக்கணக்கான காலு சத்தம் தப் தப்னு கேக்க ஓடுறது இருக்கே, காசு கொடுத்தாலும் வேற நாள்ல கிடைக்காது. பாலத்து மேல கைதட்ட ஜனங்களும் கிடையாது, மேளம் கிடையாது. அதனால பேச முடியும். நாங்க ஊர்ல வாங்கணும்னு இழுத்துக்கிட்டே இருந்த ப்ளாட் பத்தி அந்த பாலத்துல தான் முடிவு பண்ணோம், வேண்டாம்னு.

பேசிக்கிட்டே ஓடுறதுல ஒரு பிரயோஜனமும் இருக்கு. முழு வாக்கியமா பேச முடிஞ்சா மூச்சு கட்டுக்குள்ள இருக்கு, வேகம் சரின்னு கோச்சுங்க எல்லாருமே சொல்றது தான். வாட்ச்ச பாக்கவே வேணாம், இவரு பதில் "ஆமா அந்த வக்கீல் கிட்ட கேக்கணும்"ல இருந்து "ம்"னு சுருங்குச்சுன்னா நான் வேகத்த குறைக்கணும். "ம்" கூட வரலேன்னா தண்ணி ஸ்டால்ல நிக்கணும்.

இங்க தான் ஒரு விஷயம் அழுத்திச் சொல்லணும். கூட ஓடுறதுலயே மோசமான பழக்கம் அரை அடி முன்னாடி ஓடுறது. பக்கத்துல இருக்கிற மாதிரியே இருக்கும், ஆனா எப்பவும் அரை அடி முன்னாடி, அடுத்தவர் எட்டிப்பிடிச்சா இவங்க இன்னும் அரை அடி. அத விட மோசம் பத்தடி முன்னாடி போய் திரும்பித் திரும்பிப் பாக்குறது. மெதுவா ஓடுறவங்க மனசுல அது எப்படி விழும்னு யோசிங்க, ஸ்கூலுக்கு லேட்டாயிடுச்சுன்னு இழுத்துக்கிட்டு போற புள்ள மாதிரி. வேகமா ஓடுறவங்க தோளுக்குத் தோள் ஓடுங்க, இல்ல அரை அடி பின்னாடி ஓடுங்க. முடியலையா, பேசாம தனியா ஓடி ஃபினிஷ்ல காத்திருங்க, அதுவும் கௌரவமான வழி தான், என் ஃப்ரெண்ட் ஒருத்தி அப்படித்தான் பண்றா, அவங்க வீட்டுல அதுக்கப்புறம் நிம்மதியா இருக்காங்களாம்.

வொர்லி, ஹாஜி அலி தாண்டுனா பெத்தர் ரோடு. எல்லாரும் பயமுறுத்துற ஏத்தம் இதுதான், மலையெல்லாம் இல்ல, ஆனா காலு களைச்சு வர்ற நேரத்துல வருது பாருங்க, அதுதான் வில்லங்கம். லதா மங்கேஷ்கர் குடியிருந்த பிரபு குஞ்ச் இந்த ரோட்டுல தான் இருக்கு, இவரு அத கையக் காட்டி நின்னு பாக்கலாம்னாரு, பாட்டு மேல பக்தியா இல்ல மூச்சு வாங்குறதுக்கா நான் கேக்கல. நாங்க ஏத்தத்த ஓட்டமும் நடையுமா தான் ஏறுனோம். அமெரிக்காவுல ஜெஃப் காலவேங்கிற ஓட்டக் கோச் பிரபலமாக்குன முறை, இத்தனை நிமிஷம் ஓட்டம், இத்தனை நிமிஷம் நடைன்னு முன்கூட்டியே முடிவு பண்றது. முடியாம போய் நடக்குறதுக்கும் முடிவு பண்ணி நடக்குறதுக்கும் நிறைய வித்தியாசம், யாரும் யாருக்காகவும் நிக்கிற மாதிரி இருக்காது.

அந்த ரோட்டு ஜனங்க பத்தி சொல்லாம விட்டா பாவம். பால்கனியில தட்டை எடுத்துத் தட்டுற பாட்டிங்க, ரோட்டோரமா பிஸ்கட்டு, உப்பு தடவுன ஆரஞ்சு சுளை, சின்னப் பசங்க கைய நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க தட்டிட்டுப் போறதுக்கு. பிப்ல இருக்கிற பேரப் படிச்சு சத்தம் போட்டு கூப்பிடுறாங்க. எங்க பேரு அவங்க வாயில படாத பாடு பட்டுச்சு, பரவால்ல.

மரைன் டிரைவ் வரும்போது எங்க வேகத்துக்கு நல்லா விடிஞ்சிருச்சு. ஜனவரில பாம்பேல ஏழே கால் வாக்குல தான் சூரியன் வரும், அதுவும் கடலுக்கு எதிர் பக்கம், பில்டிங்குக்கு பின்னாடி. அதனால வெயில் இன்னும் நம்ம மேல விழாது, வெளிச்சம் மட்டும் இருக்கும். மெதுவா ஓடுறவங்களுக்கு இன்னொரு போனஸ், எலீட், அதான் ஜெயிக்கிறதுக்குன்னே வர்ற உச்ச வேக ஃபுல் மாரத்தான்காரங்க லேட்டா கிளம்புவாங்க, அவங்க எதிர் பக்கம் பறந்து போறத பாத்துக்கிட்டே நாம ஓடலாம். 2023ல எத்தியோப்பியாவோட ஹய்லே லெமி 2 மணி 7 நிமிஷம் 32 செகண்ட்ல ஃபுல் முடிச்சாரு, கிலோமீட்டருக்கு 3 நிமிஷம் சொச்சம். இத இவர் கிட்ட சொன்னேன். "நீயும் அவங்களோட போயேன்மா, நான் டாக்ஸியில வரேன்"னாரு. வேகமா முடிக்கிறவங்களுக்கு இந்த காட்சியே கிடைக்காது.

ஃபினிஷ்ல கை கோத்து ஓடுறவங்களுக்கு ஒரு வார்த்தை. போட்டோவுக்கு நல்லா இருக்கும், ஆனா பின்னாடி ஒருத்தன் உயிரக் கொடுத்து ஸ்ப்ரின்ட் அடிச்சிக்கிட்டு வருவான், அவனுக்கு வழி விட்டு ஓரமா போய் கோத்துக்கோங்க. சேர்ந்தே கோட்டத் தாண்டுனாலும் ரிசல்ட்ல ரெண்டு பேருக்கும் ஒரே டைம் வராம போகலாம், ஸ்டார்ட் மேட்ல யாரு முன்னாடி கால் வச்சாங்களோ அத வச்சு செகண்ட் மாறும். இவருக்கு என்னை விட ரெண்டு செகண்ட் கம்மியா வந்திருக்கு. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து குடும்ப வாட்ஸ்ஆப் க்ரூப்ல போட்டுட்டாரு, பில்டிங்லயும் காட்டிட்டாரு, இனிமே நான் என்ன சொல்லி என்ன.

அரை மார்க் எதுக்கு குறைச்சேன்னா புழுக்கத்துக்கு. ஜனவரி குளிர்னு ஃபுல் ஹேண்ட் எல்லாம் போட்டுக்கிட்டு வராதீங்க, கடலோர ஈரக்காத்துல வேர்வை காயவே காயாது, எலக்ட்ரால் (தண்ணில கலக்குற உப்பு சர்க்கரை பவுடர்) பாக்கெட் ஆளுக்கு ஒண்ணு தனித்தனியா வச்சுக்கோங்க, ஒருத்தர் பையில ரெண்டும் இருந்தா கூட்டத்துல பிரிஞ்சா வம்பு. அப்புறம் எந்த ஊர் ரேஸா இருந்தாலும் லேடீஸ் டாய்லெட் க்யூ நீளம் தான், ஆம்பளைங்க பத்து நிமிஷம் கூடுதலா கணக்கு வச்சுக்கிட்டு பொறுமையா நிக்கணும்.

முடிஞ்சதும் சிஎஸ்எம்டில இருந்து சென்ட்ரல் லோக்கல் பிடிச்சு மாட்டுங்கா. ஞாயித்துக்கிழமைன்னா மெகா ப்ளாக், அதான் தண்டவாள வேலைக்காக ட்ரெயின நிறுத்தறதும் திருப்பி விடறதும், இருக்கும், பத்தரைக்கு மேல ஆச்சுன்னா ட்ரெயின நம்பமுடியாது, மெடலோட செல்ஃபி எடுத்துக்கிட்டே நிக்காம கிளம்பிடுங்க. ராம் ஆஸ்ரயாவோ கஃபே மெட்ராஸோ, ரெண்டுலயும் அன்னிக்கு வரிசை நீளமா தான் நிக்கும், அந்த காலோட நிக்க முடியலேன்னா பக்கத்துல எந்த உடுப்பி கடையிலயாவது உக்காந்துடுங்க, 21 கிலோமீட்டருக்கு அப்புறம் எந்த இட்லியும் நல்ல இட்லி தான்.

ஒருத்தர் மட்டும் ஓடுறவங்க, இன்னொருத்தர் ஓடவே மாட்டேங்கிறவங்கன்னா ஹாஃபுக்கு இழுக்காதீங்க, ட்ரீம் ரன்ல சேருங்க, ஆறு கிலோமீட்டர் வாக்குல, டைமிங் கிடையாது, வேஷம் போட்டுக்கிட்டு வர்றவங்க பாதி பேர். அடுத்த தடவை மாமியார அதுல சேர்த்து விடலாம்னு இவரு சொல்றாரு, அப்போ புள்ளைய யாரு பாத்துக்கிறதுன்னு நான் கேட்டேன், எங்க அம்மா பேர சொல்றாரு. ரெஜிஸ்ட்ரேஷன் ஓபன் ஆனதும் ரெண்டு பேரும் ஒரே நாள்ல பண்ணிடுங்க, "நாளைக்கு உனக்கு போட்டுடுறேன்"னு சொல்லி இடம் முடிஞ்சு போன ஜோடி எங்க க்ரூப்லயே இருக்கு.