போஸ் வாயுவின் சுழற்சிகளுக்கு நம்பையும் சைபையும் போதுமா?

ஒரே குவாண்டம் நிலையில் எத்தனை வேண்டுமானாலும் சேரக்கூடிய, ஒன்றையொன்று பிரித்தறிய முடியாத துகள்களின் வாயுதான் போஸ் வாயு. துகள்களிடையே இடைவினை இல்லையென்றால், அதற்குப் பெரிய மான்டி கார்லோ நிரல் (தற்செயல் மாதிரிகளால் கணிப்பது) எதுவும் வேண்டாம். பைத்தானின் கணித நூலகங்களான நம்பை (NumPy), சைபை (SciPy) இரண்டும் தாராளமாகப் போதும். இரண்டுமே இலவசம். ஆனால் இரண்டு இடங்களில் கவனம் பிசகினால் விடை கெட்டுப்போகும். அதில் ஒன்றுக்கு எச்சரிக்கைகூட வராது.

துகள்களின் வரிசைமாற்றத்தைச் சுழற்சிகளாக, அதாவது வட்டமாக இடம் மாறிக்கொள்ளும் குழுக்களாகப் பிரித்துப் பார்க்கும் வழியை ஃபெயின்மன் 1953-இல் காட்டினார். ஒரு சுழற்சியின் எடை, வெப்பநிலையை அதன் நீளத்தால் வகுத்துக் கணித்த ஒருதுகள் பகிர்வுச் சார்பு (எல்லா ஆற்றல் நிலைகளின் வெப்ப எடைகளின் கூட்டல்). அந்த எடையை மிச்சத் துகள்களின் பகிர்வுச் சார்பால் பெருக்கி, எல்லா நீளங்களுக்கும் கூட்டி, துகள் எண்ணிக்கையால் வகுத்தால் முழுப் பகிர்வுச் சார்பு கிடைக்கும். அந்தக் கூட்டலின் ஒவ்வொரு உறுப்பும், முதல் துகள் அந்த நீளச் சுழற்சியில் இருக்கும் நிகழ்தகவைத் தருகிறது. நம்பையின் கியூம்சம் (cumsum), சர்ச்சார்ட்டட் (searchsorted) கொண்டு ஒரு நீளத்தை எடுங்கள், அதைக் கழியுங்கள், மிச்சத்துக்கு மறுபடி செய்யுங்கள். மாதிரிகள் ஒன்றையொன்று சாராதவை. சமநிலைக்காகக் காத்திருக்கும் வேலையே இல்லை. இந்த அணுகுமுறையின் பெரிய பலம் இதுதான்.

முதல் பொறி: மாறுநிலை வெப்பநிலையில் (துகள்கள் பூச்சிய உந்த நிலையில் குவிய, அதாவது ஒடுங்கத் தொடங்கும் வெப்பநிலை) 1,000 துகள் வரை நேரடிப் பெருக்கல் ஓடும்; 10,000 துகளில் எண்கள் இரட்டைத் துல்லிய எல்லையான 10-இன் 308-ஆம் அடுக்கைத் தாண்டி முடிவிலியாகிவிடும். மடக்கையிலேயே கணியுங்கள், சைபையின் லாக்சம்எக்ஸ்ப் (logsumexp) இதற்கென்றே இருக்கிறது. துகள் பத்து மடங்கானால் வேலை நூறு மடங்காகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இரண்டாவது பொறிதான் மோசம். எடைக்கு, பெட்டியின் கனஅளவை நீளத்தின் ஒன்றரை அடுக்கால் வகுக்கும் எளிய சூத்திரத்தையே எல்லா நீளங்களுக்கும் போட்டால், நிரல் முணுமுணுக்காமல் ஓடும். ஆனால் மாறுநிலை அளவுக்கு மேல் மிஞ்சும் துகள்கள் எல்லாம் ஒரே ராட்சதச் சுழற்சியில் போய்ச் சேரும். உண்மையில் நீண்ட சுழற்சிகளின் எடை பூச்சிய உந்த நிலையால் 1-ஐ நெருங்குகிறது. அதனால் ஒடுங்கிய துகள்கள் பல பெரிய சுழற்சிகளில் பகிரப்படுகின்றன. எடைக்கு, பெட்டியின் எல்லா உந்த நிலைகளையும் கூட்டும் தீட்டா தொடரை முழுமையாகக் கூட்டுங்கள். தொடரின் அடுக்கெண் சிறிதாகி அது மெதுவாகக் குவிந்தால், அதே கூட்டுத்தொகையை விரைவாகத் தரும் பாய்சான் கூட்டல் வடிவத்துக்கு மாற்றுங்கள். இருபுறமும் மூன்று உறுப்புகளே போதும். சரிபார்க்க: ஒடுங்கிய ஒரு துகள் இருக்கும் சுழற்சியின் நீளம், ஒடுங்கிய துகள்களின் எண்ணிக்கை வரை ஏறத்தாழச் சீராகப் பரவ வேண்டும். நடுவே பள்ளமும் கடைசியில் கூர்முனையும் தெரிந்தால் எடை தவறு.

மாறுநிலை அடர்த்தியைச் சைபையின் ஸீட்டா சார்பே தரும்: வெப்ப அலைநீளத்தின் (அந்த வெப்பநிலையில் துகளின் குவாண்டம் அலைநீளம்) கனத்துக்கு 2.612 துகள். சிறிய பெட்டியில் மாற்றம் மழுங்கித் தெரிவது இயல்பு, பிழையல்ல.

துகள்கள் ஒன்றையொன்று தள்ளத் தொடங்கினால் இந்த முறை நின்றுவிடும். அப்போது எடைகள் நீளத்தை மட்டும் சார்ந்திருக்காது. துகள்களின் பாதைகளையே மாதிரி எடுக்கும் பாதைத்தொகையீட்டு மான்டி கார்லோவுக்கும், 2006-இல் தொடர்வெளிக்கு விரிவாக்கப்பட்ட அதன் வார்ம் அல்காரிதத்துக்கும் போகவேண்டியதுதான்.