கிழக்கு ஆப்பிரிக்கக் கூட்டு விசா: நூறு டாலர் யாருக்குத் தகும்?

கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் சேர்த்து ஒரே விசா. 2014-இல் நடைமுறைக்கு வந்தது. கட்டணம் 100 டாலர், செல்லுபடி 90 நாள். அந்த 90 நாளுக்குள் மூன்று நாடுகளுக்கிடையே எத்தனை முறை வேண்டுமானாலும் எல்லை தாண்டலாம். நைரோபியில் பேருந்து ஏறி, கம்பாலா வழியாகக் கிகாலி போய், அதே வழியில் திரும்புகிறவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. விக்டோரியா ஏரியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வர நினைப்பவரோ இதை வாங்குமுன் நன்றாக யோசிக்க வேண்டும். காரணம் தான்சானியா.

கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் என்ற நாடுகளின் கூட்டமைப்பில் இன்று எட்டு நாடுகள் இருக்கின்றன. கூட்டு விசாவில் இருப்பவை மூன்றுதான். தான்சானியா, புருண்டி, காங்கோ எதுவும் இதில் சேர்த்தி இல்லை. மூன்று நாட்டு வளையத்தை விட்டு வெளியே கால் வைத்தால், மிச்சம் எத்தனை நாள் இருந்தாலும் விசா அதோடு தீர்ந்தது. கிகாலியிலிருந்து ருசுமோ எல்லை வழியாகத் தான்சானியாவுக்குள் போய், நமங்கா வழியாகக் கென்யாவுக்குள் வருவதுதான் பலர் போடும் திட்டம். ருசுமோவைத் தாண்டியதும் கூட்டு விசா காலாவதி. நமங்காவில் கென்யாவுக்குள் நுழையப் புதிய மின்னணு அனுமதி வேண்டும். அதை எல்லையில் நின்றுகொண்டு வாங்க முடியாது. மூன்று நாள் முன்னதாகவே இணையத்தில் விண்ணப்பித்திருக்க வேண்டும். கூட்டு விசாவின் பெரிய குறை இதுதான்.

இனி கணக்கு. 2024 ஜனவரியில் கென்யா விசாவை எடுத்துவிட்டு, 30 டாலர் மின்னணு அனுமதியைக் கொண்டுவந்தது. கார்டில் கட்டினால் சற்றுக் கூடும். உகாண்டா ஒரு நுழைவு விசா 50 டாலர். ருவாண்டா, காமன்வெல்த் நாட்டவருக்கும் பிரெஞ்சு மொழி நாடுகளின் அமைப்பைச் சேர்ந்தவர்களுக்கும் 30 நாள் விசாவைக் கட்டணமில்லாமல் தருகிறது. மற்றவர்களுக்கு 50 டாலர். ஆக, இந்திய, இலங்கை, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உள்ளவர் நைரோபியில் தொடங்கிக் கிகாலியில் விமானம் ஏறினால் தனித்தனியாக 80 டாலரில் முடிகிறது. அவருக்குக் கூட்டு விசா 20 டாலர் நட்டம். ஜெர்மன், நார்வே பாஸ்போர்ட்டுக்குத் தனித்தனியாக 130 ஆகும். அவர்களுக்குக் கூட்டு விசா 30 டாலர் லாபம். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்களிடம் உகாண்டாவும் விசா கேட்பதில்லை என்பதால் அவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

போய்த் திரும்புகிறவருக்குக் கணக்கு மாறிவிடுகிறது. போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை என்று உகாண்டாவுக்கு மட்டுமே இரண்டு நுழைவு. அதுவே 100 டாலர். கென்யாவுக்குள் திரும்புவதும் கூட்டு விசாவிலேயே அடங்கிவிடும்.

விண்ணப்பத்தில் அதிகம் பேர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. முதலில் எந்த நாட்டுக்குள் நுழைகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் வாங்க வேண்டும். எண்டெபியில் இறங்குகிறவர் உகாண்டா தளத்திலும், கிகாலியில் இறங்குகிறவர் ருவாண்டாவின் இரெம்போ தளத்திலும் விண்ணப்பிக்க வேண்டும். உகாண்டாவிடம் வாங்கிய விசாவோடு கிகாலியில் போய் இறங்கினால் அது எடுபடாது. விமான டிக்கெட்டை முடிவு செய்த பிறகே விண்ணப்பத்தைத் தொடங்குங்கள்; கட்டிய பணம் திரும்ப வராது.

உகாண்டா தளம் கேட்பவை: ஆறு மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டின் முகப்புப் பக்கம், புகைப்படம், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று, பயணத் திட்டம், திரும்பும் டிக்கெட். எல்லாவற்றையும் தெளிவாக ஸ்கேன் செய்து, கோப்பின் அளவைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்காருவது நல்லது. விசா வகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் சாதாரண ஒரு நுழைவு விசாவும் கூட்டு விசாவும் ஒரே பட்டியலில் வரும். பணம் கட்டுமுன் இன்னொரு தடவை பாருங்கள். ஒப்புதல் கடிதம் வந்ததும் அதைத் தாளில் அச்சிடுங்கள். அந்தக் கடிதம் விசா அல்ல. எல்லையில் கைரேகையும் படமும் எடுத்துக்கொண்டு ஒட்டும் ஸ்டிக்கர்தான் விசா. கவுன்டரை விட்டு நகர்வதற்குள் அதில் கூட்டு விசா என்று இருக்கிறதா, 90 நாள் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 90 நாள் என்பது மூன்று நாடுகளுக்கும் சேர்த்துத்தான், நாட்டுக்கு 90 அல்ல. நீட்டிப்பும் கிடையாது.

தேடுபொறியில் முதலில் வருவது பெரும்பாலும் இடைத்தரகர் தளம். அரசுச் சின்னம் போலவே ஒன்றைப் போட்டுக்கொண்டு கூடுதல் பணம் வாங்கிவிடும். கென்யா அரசுத் தளத்தின் முகவரி ‘கோ டாட் கே இ’ என்றும், உகாண்டாவினுடையது ‘கோ டாட் யு ஜி’ என்றும் முடியும். முடிவு வேறாக இருந்தால் கார்டு எண்ணைத் தராதீர்கள்.

நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். படிவமோ அதை நிரப்பாமல் நகராது. எப்படி நிரப்பினாலும், விமான டிக்கெட்டிலும் தடுப்பூசிச் சான்றிலும் விண்ணப்பத்திலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். இனிஷியலை ஓரிடத்தில் விரித்து, இன்னோரிடத்தில் சுருக்கி எழுதுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

தரைவழி எல்லைகளில் கென்யா–உகாண்டாவுக்கு புசியா, மலாபா, உகாண்டா–ருவாண்டாவுக்கு கடுனா. புசியாவில் இரு நாட்டு வேலையும் ஒரே கட்டடத்தில், நுழையப்போகும் நாட்டின் பக்கத்தில் நடக்கும். வெளியேறும் முத்திரை, உள்ளே வரும் முத்திரை இரண்டும் விழுந்ததா என்று பார்த்துவிட்டுப் பேருந்துக்குத் திரும்புங்கள். கடுனாவில் கூட்டு விசா ஒட்டிய பக்கத்தைத் திறந்தே நீட்டி, வாயாலும் சொல்லிவிடுங்கள். ருவாண்டாவில் பிளாஸ்டிக் பைக்குத் தடை என்பதால், பையில் இருப்பதை முன்பே துணிப்பைக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

தான்சானியாவும் போகத்தான் வேண்டும் என்றால் அதைக் கடைசியில் வைத்து, அங்கிருந்தே ஊர் திரும்புங்கள். அதன் ஒரு நுழைவு விசா 50 டாலர். எல்லையில் ரொக்கமாகக் கட்ட நேர்ந்தால் மிகப் பழைய நோட்டு, கிழிசல், மைக்கறை எதையும் வாங்கமாட்டார்கள்.

இன்னும் தெற்கே போகிறவர்களுக்கு, ஜாம்பியாவும் ஜிம்பாப்வேயும் சேர்ந்து தரும் ‘காசா’ (KAZA) என்ற கூட்டு விசா 50 டாலர், 30 நாள். விக்டோரியா அருவியின் இரு கரைக்கும் போய் வர அதுதான் வசதி. கசுங்குலா எல்லை வழியாகப் போட்ஸ்வானாவுக்குப் பகலில் போய் வரலாம், இரவு தங்கக்கூடாது. குறிப்பிட்ட சில விமான நிலையங்களிலும் எல்லைகளிலும் மட்டுமே அது கிடைக்கும் என்பதால் நுழையும் இடத்தைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும். அதன்பின் ஆயுள் முழுக்கச் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அந்த மஞ்சள் அட்டை உகாண்டா எல்லையோடு வேலை முடிந்த காகிதம் அல்ல. இந்தியா திரும்பும்போது விமான நிலையச் சுகாதாரக் கவுன்டரில் காட்டாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம் என்பதால், பெட்டிக்குள் போடாமல் பாஸ்போர்ட்டோடு கைப்பையில் வையுங்கள்.